மூக்கு வழியே ஒரு நூற்றாண்டு

சங்கரன்கோவிலில் கொஞ்சம் பெரிய மருந்துக்கடைக்குப் போய் "ரைல்ஸ் டியூப் ஒண்ணு குடுங்க" என்றால், "எத்தனாம் நம்பர்?" என்று கேட்பார்கள். பதினாலு என்றால் பச்சை முனை, பதினாறு என்றால் ஆரஞ்சு, பதினெட்டு என்றால் சிவப்பு. உறையைப் பிரித்தால் 105 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் சுருண்டு கிடக்கும். உள்ளே போகும் நுனி மூடியிருக்கும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக அந்த நுனிக்குள் பொடிப்பொடியாக எஃகுக் குண்டுகள். அதற்குச் சற்று மேலே பக்கவாட்டில் துளைகள். 50, 60, 70 சென்டிமீட்டரில் அளவுக்கோடுகள். ஊரின் பேர்போன மட்டன் பிரியாணி ஒரு பிளேட் வாங்கும் காசில் இப்படி இரண்டு மூன்று குழாய்கள் வாங்கிவிடலாம்.

இதற்கெல்லாம் ஒரு வாழ்க்கை வரலாறா என்று கேட்கலாம். உணவுக்குழாயில் புற்றுநோய் வந்தால், அந்தக் குழாயையே நெஞ்சுக்குள்ளிருந்து அறுத்தெடுத்துவிட்டு, இரைப்பையை நீளவாக்கில் குறுக்கித் தைத்து மேலே இழுத்துக் கழுத்தோடு இணைக்கிறார்கள். மனித உடலில் செய்யப்படும் மிகக் கடினமான அறுவை சிகிச்சைகளில் அது ஒன்று. அதற்குப் பிறகு ஒரு மனிதர் தேறி எழுவது எப்படி என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதியை இந்த மலிவான குழாயின் கதையிலேயே படித்துவிட முடியும். லண்டனில் பிறந்து மும்பையில் விசாரணைக்கு உட்பட்ட குழாய் இது.

விலாங்குத் தோலும் ஓட்ஸ் கஞ்சியும்

இதன் முன்னோர்கள் பலர். 1790 வாக்கில் லண்டனின் பெயர்பெற்ற அறுவை நிபுணர் ஜான் ஹன்டர், விழுங்க முடியாமல் போன ஒரு நோயாளிக்காகக் குச்சி ஒன்றின் மேல் விலாங்கு மீனின் தோலைப் போர்த்தி, தொண்டை வழியே இறக்கி, உணவும் மருந்தும் செலுத்தினார். அடுத்த நூற்றாண்டில் ரப்பர் வந்தது. விஷம் குடித்தவர்களின் வயிற்றைக் கழுவத் தடித்த ரப்பர் குழாய்கள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றை இறக்குவதும் எடுப்பதும் சில நிமிட வேலை. அதற்கு மேல் எவராலும் தாங்க முடியாது.

1921-ல், லண்டன் கைஸ் மருத்துவமனையில் முப்பது வயதைச் சற்றே தாண்டியிருந்த மருத்துவர் ஜான் ரைல் ஒரு மெல்லிய ரப்பர் குழாயை அறிமுகப்படுத்தினார். அவருடைய நோக்கம் நோயாளிக்குச் சோறூட்டுவதோ வயிற்றைக் காலி செய்வதோ அல்ல. சாப்பிட்ட பிறகு வயிறு எப்போது, எவ்வளவு அமிலம் சுரக்கிறது என்று அளக்க நினைத்தார். நோயாளி குழாயை விழுங்குவார். நுனியில் உள்ள கனம் அதை இரைப்பைக்கு இறக்கிவிடும். பிறகு ஓட்ஸ் கஞ்சி குடிப்பார். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்துச் சோதிப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஒருவர் வயிற்றில் குழாயோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அதை அவ்வளவு மெல்லியதாகச் செய்தார்.

அதே 1921-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஆபிரகாம் லெவின் மூக்கு வழியே செலுத்தும் குழாய் ஒன்றைக் கொண்டுவந்தார். அமெரிக்கர்கள் லெவின் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டிஷ் பாடத்திட்டத்தில் படித்த இந்திய மருத்துவர்கள் ரைல் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். லெவின் காட்டிய மூக்கு வழியில் ரைல் பெயரிட்ட குழாயைச் செலுத்தினார்கள். இன்று ஆக்ராவிலும் ஃபரிதாபாத்திலும் உள்ள தொழிற்சாலைகளிலிருந்து பி.வி.சி.யில் வரும் குழாய்க்கும் அதே பெயர்தான். கேஸ் ஷீட்டில் அது 'ஆர்.டி.' ஆகிவிடும்.

அமிலம் அளக்கப் பிறந்த குழாய் அறுவை சிகிச்சை வார்டில் நிரந்தர இடம் பிடிக்கக் காரணமானவர், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவன் வாங்கன்ஸ்டீன். குடல் அடைத்துக்கொண்டால் உள்ளே காற்றும் நீரும் சேர்ந்து வயிறு உப்பி, பலர் செத்துப்போன காலம் அது. 1930-களில் அவர் மூக்கு வழியே குழாய் விட்டு, இடைவிடாமல் உறிஞ்சும் அமைப்பை அதோடு பொருத்தினார். சாவு வெகுவாகக் குறைந்தது. அந்த வெற்றியின் வேகத்தில், குடல் அடைப்பே இல்லாத சாதாரண வயிற்று அறுவை சிகிச்சைக்கும் மூக்கில் குழாய் போடுவது வழக்கமானது. வழக்கம் விதியானது. ஏன் என்று கேட்கும் ஆள் ரொம்ப காலத்துக்கு வரவில்லை.

மேலே ஏறிய இரைப்பை

உணவுக்குழாய் என்பது ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைக்குழாய். இதயத்துக்குப் பின்னால், நுரையீரல்களுக்கு நடுவே, பெருந்தமனியை ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. எந்தப் பக்கத்திலிருந்து போனாலும் அறுவை நிபுணரின் கை ஏதாவது ஓர் உயிர்நிலையைக் கடந்துதான் அதைத் தொட முடியும்.

நெஞ்சுப் பகுதி உணவுக்குழாயைப் புற்றுநோய்க்காக வெற்றிகரமாக அகற்றிய முதல் சிகிச்சையை 1913 மார்ச்சில் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் செய்தார். நோயாளி 67 வயதுப் பெண்மணி. எடுத்த குழாய்க்குப் பதில் உள்ளே எதையும் வைக்க டோரெக்குக்கு வழி தெரியவில்லை. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் இணைத்து உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய். சாப்பிடும்போது அந்தப் பெண்மணி குழாயை மாட்டிக்கொள்வார். மென்று விழுங்கியது கழுத்தில் வெளியே வந்து, ரப்பர் வழியாகப் போய் வயிற்றில் இறங்கும். அப்படியே பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

இரைப்பையையே மேலே கொண்டுவந்து இணைக்கும் முறைகள் பிறகு வந்தன. லண்டனில் ஐவர் லூயிஸ் 1946-ல் விவரித்த முறையில் வயிற்றையும் வலப்பக்க நெஞ்சையும் திறந்து, நெஞ்சுக்குள்ளேயே இணைப்புப் போடுவார்கள். மெக்கோன் 1976-ல் எழுதிய முறையில் இணைப்பு கழுத்துக்குப் போனது. இரண்டு முறைகளும் இன்றுவரை புழக்கத்தில் உள்ளன.

முறை வந்ததே தவிர, உயிர்கள் தங்கவில்லை. 1980-ல் எர்லமும் குன்யா மெலோவும் உலகெங்கும் வெளியான அறிக்கைகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இந்தப் புற்றுநோய் கண்ட நூறு பேரில் கட்டியை அகற்ற முடிந்தது 39 பேருக்கு; அவர்களில் 13 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். அகற்றியவர்களில் மூன்றில் ஒருவர். ஐந்து ஆண்டுகள் தாண்டியவர் நூற்றுக்கு நான்கு பேர்.

சாவுக்குப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று, புதிய இணைப்பு கசிவது. மேலே இழுத்த இரைப்பைக்கு ரத்தம் கொண்டுபோவது பெரும்பாலும் கீழிருந்து வரும் ஒரே ஒரு தமனி. இணைப்பு இருப்பதோ அந்தத் தமனிக்கு எட்டாத கடைசி முனையில். ரத்தம் போதாத இடத்தில் தையல் பிடிப்பது கடினம். கசிந்தால் எச்சிலும் அமிலமும் நெஞ்சுக்குள் பரவும். இரண்டாவது நிமோனியா. உணவுக்குழாயோடு வேகஸ் நரம்பும் அறுபடுவதால் இரைப்பை தானாகச் சுருங்கிக் காலியாவது மந்தமாகிவிடுகிறது. தேங்கிய நீர் மேலேறி, உறக்கத்தில் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் போச்சு.

ஆகவே குழாய். இரைப்பை உப்பினால் தையல் இழுபடும். தேங்கினால் நுரையீரலுக்கு ஆபத்து. இரண்டையும் தவிர்க்க, மூக்கு வழியே ஒரு ரைல்ஸ் டியூப் போட்டு எப்போதும் காலியாக வைத்திரு. தர்க்கம் பழுதற்றதாகத் தெரிந்தது. ஆறு முதல் பத்து நாள் குழாய் இருக்கும். கூடவே ஒரு பயமும் உண்டு: விழுந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி செருகக் கூடாது, புதிய இணைப்பைக் குத்திவிடும். அதனால் மூக்கோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். சில இடங்களில் தையலே போட்டுவிடுவார்கள்.

"எப்ப எடுப்பீக?"

சங்கரன்கோவில் பக்கத்து நோயாளியின் பாதை பெரும்பாலும் இப்படிப் போகிறது. விசைத்தறியில் நாற்பது வருஷம் நின்றவர் என்று வைத்துக்கொள்வோம். பீடி உண்டு. "சோறு இறங்க மாட்டேங்கு" என்று ஒரு நாள் சொல்கிறார். வாய்வு என்று நினைத்து இஞ்சியும் சோடாவும். கோமதி அம்மன் சன்னதியில் புற்றுமண் வாங்கி நெற்றியில் பூசிக்கொள்கிறார். பிறகு இட்லியைக் கரைத்துக் குடிக்க வேண்டியதாகிறது. கடைசியில் தண்ணீரே நின்று நின்று இறங்கும்போதுதான் தாலுகா ஆஸ்பத்திரி. அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டரில் திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி. கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். பிறகு செங்கோட்டையிலிருந்து மதுரைக்குப் போகும் ரயில், பெரியாஸ்பத்திரியின் குடல் இரைப்பை அறுவைப் பிரிவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு), கீமோ, பல வாரக் காத்திருப்பு, அப்புறம் ஆபரேஷன்.

இதற்குள் ஆள் பாதியாகியிருப்பார். விழுங்க முடியாதவருக்கு இளைப்புதான் முதல் நோய். இந்தியாவில் ஆண்டுதோறும் அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது; அவர்களில் பலர் மேசைக்கு வரும் முன்பே பட்டினியில் நலிந்தவர்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழிக்கும்போது உடம்பில் குழாய்கள் பல. நெஞ்சில் தேங்குவதை வடிக்க ஐ.சி.டி., சிறுநீருக்கு ஒன்று, முதுகில் வலிமருந்துக்கு ஒன்று, வயிற்றுச் சுவரைத் துளைத்துச் சிறுகுடலுக்குள் உணவு செலுத்த எஃப்.ஜே. இவற்றில் நோயாளிக்குப் பிடிக்காதது எது என்று கேட்டால் எல்லோரும் மூக்கைத்தான் காட்டுவார்கள். தொண்டையில் எந்நேரமும் ஏதோ சிக்கிய உணர்வு. எச்சில் விழுங்கினால் உரசும். வாய் வழியாகவே மூச்சு விட்டு நாக்கு வறளும். எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு, இருமப் பயப்படுவது. இருமிச் சளியைத் துப்பினால்தான் நிமோனியா வராது. குழாய் இருந்தால் இருமவே கூசும்.

கூட இருக்கும் மனைவி சிஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சிஸ்டர், இந்தக் குழாய எப்ப எடுப்பீக? இவுக ராத்திரி பூரா ஒறங்கல." பதிலும் ஒன்றுதான். "டாக்டர் ரவுண்ட்ஸ்ல சொல்வாங்கக்கா. அவுக கைய வச்சிராம பாத்துக்கோங்க."

அந்த அக்காவின் கேள்வியை ஆய்வுக் கேள்வியாக மாற்றியது மும்பை.

மும்பையில் 150 மூக்குகள்

சாதாரண வயிற்று அறுவையில் குழாய் தேவையா என்ற விசாரணை ஏற்கனவே நடந்து முடிந்திருந்தது. 1995-ல் சீட்டமும் சகாக்களும் 26 ஆய்வுகளை, ஏறத்தாழ நாலாயிரம் நோயாளிகளின் விவரங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் வழக்கமாகக் குழாய் போடுவதால் நன்மை இல்லை, தேவைப்படுபவருக்கு மட்டும் போட்டால் போதும் என்பது முடிவு. அறுபது ஆண்டுப் பழக்கம் மெதுவாகக் கரையத் தொடங்கியது. ஆனால் உணவுக்குழாய் நிபுணர்கள் அசையவில்லை. எங்கள் நோயாளி வேறு, எங்கள் தையல் வேறு என்றார்கள். அந்த எச்சரிக்கையில் நியாயமும் இருந்தது.

மும்பையில் 1941-ல் தொடங்கிய டாடா நினைவு மருத்துவமனை, நாட்டிலேயே உணவுக்குழாய் அறுவை சிகிச்சை அதிகம் நடக்கும் இடங்களில் ஒன்று. அங்கே மிஸ்திரி, விஜயபாஸ்கர், கரிமுண்டக்கல், ஜிவ்நானி, பிரமேஷ் ஆகியோர் 150 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பிரித்தது மருத்துவரின் விருப்பப்படி அல்ல, குலுக்கல் முறையில். தேறியவர் போலத் தெரிபவருக்குச் சீக்கிரம் எடுத்துவிட்டு, நலிந்தவருக்கு விட்டுவைத்தால் விடை பொய்யாகிவிடும் அல்லவா. ஒரு குழுவுக்கு 48 மணி நேரத்தில் குழாயை எடுத்தார்கள். மற்ற குழுவுக்கு வழக்கம் போல ஆறு முதல் பத்து நாள்.

2012-ல் முடிவு வெளியானது. இணைப்புக் கசிவிலும் பெரிய நுரையீரல் சிக்கல்களிலும் இரண்டு குழுக்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நீண்ட நாள் குழாயோடு இருந்தவர்களின் அவதி மட்டும் அதிகம். அவதியையும் எண் கொடுத்து அளந்திருந்தார்கள். 'கொஞ்சம் பொறுத்துக்கோங்க' என்று தள்ளிவிடப்படும் ஒன்று கணக்கில் ஏறியது. இன்னொரு பக்கத்தையும் அந்த ஆய்வு மறைக்கவில்லை. சீக்கிரம் எடுத்தவர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேருக்குக் குழாயை மறுபடி போட வேண்டியிருந்தது. விட்டுவைத்தவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான். அதாவது பத்தில் ஏழு பேர் அத்தனை நாளும் வீணாகக் குழாயைச் சுமந்திருக்கிறார்கள்.

இந்த வகை ஆய்வின் பெருமையை நாம் சரியாக உணர்வதில்லை. இதில் புது மருந்து இல்லை, காப்புரிமை பெற ஒன்றும் இல்லை, விற்கவும் ஒன்றும் இல்லை. இருக்கும் ஒன்றைச் சில நாள் முன்னதாக எடுக்கலாமா என்ற கேள்விக்கு எந்தக் கம்பெனியும் காசு கொடுக்காது. அரசு உதவியில் நடக்கும், ஏழை நோயாளிகள் நிறைந்த ஒரு மருத்துவமனைதான் அதைக் கேட்கும்.

2019-ல் உணவுக்குழாய் அறுவைக்குப் பின் விரைந்து தேறுவதற்கான பன்னாட்டு வழிகாட்டுதல் ஒன்று வெளியானது. டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990-களில் தொடங்கிவைத்த சிந்தனை அது: அறுவைக்குப் பின் தேறுவதைத் தாமதப்படுத்துவது அறுவை மட்டுமல்ல, அதைச் சுற்றி நாம் சேர்த்துவைத்த பழக்கங்களும்தான். நீண்ட பட்டினி, படுக்கை ஓய்வு, மிதமிஞ்சிய குளுக்கோஸ் பாட்டில், தேவைக்கு மேல் குழாய்கள். ஒவ்வொன்றையும் ஆதாரம் கேட்டு வழிகாட்டுதலை எழுதியவர்கள் சலித்தார்கள். மூக்குக் குழாயைப் பற்றி அந்த வழிகாட்டுதல் சொன்னது: அறுவையின்போது போடுங்கள், நிலைமை இடங்கொடுத்தால் இரண்டாம் நாள் எடுத்துவிடுங்கள். மும்பை கேட்ட அதே இரண்டு நாள்.

கோவையில் குப்புறப் படுத்தவர்கள்

குழாயைச் சீக்கிரம் எடுக்கத் துணிவு வர வேண்டுமானால் நுரையீரல் நன்றாக இருக்க வேண்டும். அதற்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வழி வந்தது.

பழைய முறையில் விலா எலும்புகளை விரித்து நெஞ்சைத் திறப்பார்கள். வலியில் நோயாளி ஆழ்ந்து மூச்சு விட மாட்டார், சளி தங்கும். ஜெம் மருத்துவமனையின் சி. பழனிவேலு, நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, சின்னத் துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் விட்டு உணவுக்குழாயைப் பிரித்தெடுத்தார். குப்புறப் படுக்கும்போது நுரையீரலும் இதயமும் தம் எடையாலேயே முன்பக்கம் விலகிக்கொள்கின்றன. கசியும் ரத்தமும் பார்வையை மறைக்காமல் கீழே வடிந்துவிடுகிறது. உதவியாளர் நுரையீரலை அமுக்கிப் பிடித்துக் காயப்படுத்த வேண்டியதில்லை. இப்படி 130 நோயாளிகளுக்குச் செய்த அனுபவத்தை அவர் குழு 2006-ல் அமெரிக்க இதழ் ஒன்றில் வெளியிட்டது. அந்த நிலையை அதற்கு முன்பும் ஐரோப்பாவில் முயன்றிருந்தார்கள். இத்தனை பேருக்குச் செய்து உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது கோவை.

அது உண்மையிலேயே உதவுகிறதா என்பதைக் குலுக்கல் முறையில் சோதித்தவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். 'டைம்' என்று பெயரிட்ட அந்த ஆய்வு 2012-ல் லான்செட் இதழில் வந்தது. மூன்று நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள், 115 நோயாளிகள். நெஞ்சைத் திறந்து செய்தவர்களில் முதல் இரண்டு வாரத்துக்குள் 29 விழுக்காட்டினருக்கு நுரையீரல் தொற்று. குப்புறப் படுக்கவைத்துத் துளை வழியே செய்தவர்களில் 9 விழுக்காடு. மருத்துவமனை வாசம் 14 நாளிலிருந்து 11 நாளாகக் குறைந்தது.

நன்மை தரும் என்று எல்லோரும் நம்பியவை எல்லாம் தேர்வில் தேறிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அறுவைக்கு முன்பே மூச்சுத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்தால் நிமோனியா குறையும் என்று எதிர்பார்த்து நடத்திய 'பிரிப்பேர்' என்ற ஐரோப்பிய ஆய்வில் நிமோனியா குறையவில்லை. நல்ல ஆய்வு நம் விருப்பத்துக்கு மட்டும் தலையாட்டாது.

முதல் வாய்

குழாய் போனால் அடுத்த கேள்வி சோறு. "இவுக எப்ப சாப்பிடலாம்?" ஐந்து முதல் ஏழு நாள் வாயில் பச்சைத் தண்ணீர் படக் கூடாது என்பது பழைய கட்டளை. அதுவரை வயிற்றுச் சுவரில் போட்ட எஃப்.ஜே. குழாய்தான் வாய்.

சீனாவின் ஹெனான் புற்றுநோய் மருத்துவமனையில் லீ யின் குழுவினர் 'குழாயும் வேண்டாம், பட்டினியும் வேண்டாம்' என்று கிளம்பினார்கள். 280 நோயாளிகளில் பாதிப் பேருக்கு அறுவைக்கு மறுநாளே வாய்வழி உணவு, மற்றவர்களுக்கு ஏழாம் நாள். 2018-ல் வெளியான முடிவின்படி சிக்கல்கள் கூடவில்லை. மறுநாளே சாப்பிட்டவர்களின் குடல் சீக்கிரம் இயங்கியது. ஆனால் அவர்கள் கையாண்டது தனிப்பட்ட தையல் முறை. எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தின் ஐன்தோவனை மையமாகக் கொண்டு நடந்து 2020-ல் வெளிவந்த ஆய்வில் 132 பேர். உடனே வாய்வழி உணவு தொடங்கியவர்கள் தேற 7 நாள். ஐந்து நாள் பட்டினியோடு குழாய் உணவு பெற்றவர்களுக்கு 8 நாள். புள்ளிவிவரப்படி அது வேறுபாடே அல்ல. கசிவிலும் வேறுபாடு இல்லை. சாப்பிட்டால் தையல் பிரியும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் எஃப்.ஜே. குழாயையும் தூக்கிப்போடலாமா? இங்கேதான் ஐன்தோவனும் சங்கரன்கோவிலும் பிரிகின்றன. சத்தான உணவு உண்டு, எடை குறையாமல் மேசைக்கு வருபவர் நான்கு நாள் குறைவாகச் சாப்பிட்டாலும் தாங்குவார். மூன்று மாதம் நீர்க்கஞ்சியில் ஓட்டிவிட்டு வருபவரால் முடியாது. நம் ஊரில் அந்தக் குழாய் பலரோடு வீட்டுக்கும் வருகிறது. காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டிய கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர் ஆகியவை சிரிஞ்சில் மெதுவாகப் போகும். ஒவ்வொரு முறையும் காய்ச்சி ஆற்றிய தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கேழ்வரகுக் கஞ்சியைச் சரியாக வடிகட்டாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் மறுபடி மதுரை. வீட்டில் இதைச் செய்பவர் பெரும்பாலும் மனைவியோ மருமகளோ. எந்த ஆய்வின் அட்டவணையிலும் அவருடைய உழைப்புக்கு ஒரு பத்தி இல்லை.

ரைலின் இரண்டாவது வேலை

குழாயைத் தந்த ஜான் ரைலின் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. 1935-ல் கேம்பிரிட்ஜில் மருத்துவப் பேராசிரியராக உயர்ந்தவர், 1943-ல் அதை விட்டுவிட்டு ஆக்ஸ்ஃபோர்டில் புதிதாக ஏற்படுத்தப்பட்ட சமூக மருத்துவத் துறையின் முதல் பேராசிரியராகப் போனார். வயிற்றின் அமிலத்தைக் கால் மணிக்கு ஒருமுறை அளந்தவர், அந்த வயிற்றுக்குரியவர் என்ன வேலை செய்கிறார், எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கத் தொடங்கினார். 1950-ல் இறக்கும்வரை அதுதான் அவர் வேலை.

உணவுக்குழாய் அறுவைக்குப் பின் தேறுவதைப் பற்றிய ஆய்வுகளும் இப்போது அந்தத் திருப்பத்தில் நிற்கின்றன. இதுவரை அளந்தவை பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குள் முடிந்தன: கசிவு, நிமோனியா, எத்தனை நாளில் டிஸ்சார்ஜ். ஆனால் கழுத்தில் இரைப்பையோடு வாழ்வது டிஸ்சார்ஜ் அன்றுதான் தொடங்குகிறது. ஸ்வீடனில் நாடு முழுவதும் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஆறு மாதத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்திருந்தார்கள். ஐரோப்பாவின் இருபது மருத்துவமனைகளில் ஓராண்டுக்குப் பிறகும் நோயாளிகளை விசாரித்த 'லேசர்' ஆய்வில், சோர்வும் நாலு வாயிலேயே வயிறு நிறைவதும் எதிர்க்களிப்பும் தொடர்வது தெரிந்தது. ஒரே வேளையாக உண்ண முடியாது. ஆறு வேளையாகப் பிரிக்க வேண்டும். இனிப்பைச் சட்டென்று சாப்பிட்டால் வியர்த்து, படபடத்து, மயக்கம் வரும். தலைப்பக்கம் உயர்த்தித்தான் படுக்க வேண்டும். சங்கரன்கோவில்காரர் கேட்கும் முதல் கேள்வி பிரியாணி பற்றியதாகத்தான் இருக்கும். இணைப்பு ஆறி, மெல்லப் பழகிய பிறகு, மருத்துவர் சரி என்றால், கால் பிளேட்டை அரைமணி நேரம் மென்று சாப்பிடலாம்.

தறியில் நிற்பவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து சாப்பிட முதலாளி விடுவாரா? விசைத்தறிக்கு ஷிப்ட் உண்டு, ஆறு வேளைச் சாப்பாட்டுக்கு இடைவேளை கிடையாது. பீடியை நிறுத்தச் சொல்கிறோம்; அதே தெருவில் அவர் மனைவி பீடி சுற்றித்தான் கூழுக்கு வழி செய்கிறார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீடு தேடி வருகின்றன. வீடு தேடி வருபவரின் பையில் ஓர் எடை இயந்திரமும், வயிற்றுக் குழாயைக் கழுவக் கற்றுத்தரும் ஒரு கையும் சேர்ந்தால், மதுரைக்குப் போகும் ரயில் பல முறை மிச்சமாகும்.

அறுவை மேசையில் கசிவு குறையக் காரணமானவை திறமையான கைகள். மூக்கிலிருந்த குழாய் சில நாள் முன்னதாக வெளியே வரக் காரணம், ஒரு பழக்கத்தை நோக்கிக் கேட்ட எளிய கேள்வியும், அதற்காகக் குலுக்கலில் பெயர் கொடுத்த 150 நோயாளிகளும். ஆறாம் மாதம் எடை ஏன் குறைகிறது, யாருக்குக் குறைவதில்லை, வீட்டுக்கு ஒருவர் போய்ப் பார்த்தால் எவ்வளவு மாறும் என்பதையும் அதே கறாரோடு, அதே குலுக்கல் முறையில் கேட்கலாம். அதற்கு வேண்டிய நோயாளிகளும் காப்பீட்டுப் பதிவுகளும் கிராமச் செவிலியர்களும் தென்மாவட்டங்களில் ஏற்கனவே இருக்கிறார்கள். மும்பை இரண்டாம் நாளுக்கு விடை சொன்னது. ஆறாம் மாதத்துக்கு விடை சொல்ல வேண்டியது மதுரையும் திருநெல்வேலியும்.